பிளவில் கொதித்த நீர்: எரிமலைப் பாறையில் தங்கமும் வெள்ளியும் எப்படிச் சேர்கின்றன?

1859-ஆம் ஆண்டின் கோடைக்காலம். அமெரிக்காவின் நெவாடா பகுதியில், டேவிட்சன் மலையின் கிழக்குச் சரிவில் மண்ணை அலசித் தங்கத் துகள் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு நீலக் கருமண் பெரும் தொல்லையாக இருந்தது. கனமான மண். அலசும் பெட்டியின் அடியில் போய்ப் படிந்துகொண்டு, தங்கத்தைப் பிரிக்க விடாமல் அடைத்தது. சபித்துக்கொண்டே வாரிக் கொட்டினார்கள். அந்த மண்ணில் கொஞ்சம் சியரா நெவாடா மலைத்தொடரைத் தாண்டி கலிபோர்னியாவுக்குப் போய்ச் சோதிக்கப்பட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் கழிவென்று எறிந்தது வெள்ளி சல்ஃபைடு. அதிலிருந்த தங்கத்தின் விலையைவிட வெள்ளியின் விலை மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

காம்ஸ்டாக் நாளம், அதாவது பாறைப் பிளவை நிரப்பிய அந்தக் கனிமக் கீற்று, உலகத்துக்குத் தெரியவந்தது இப்படித்தான். வெறும் சரிவாக இருந்த இடத்தில் வர்ஜீனியா சிட்டி என்ற நகரம் எழுந்தது. காலப்போக்கில் அந்த ஒரே நாளத்திலிருந்து ஏறக்குறைய 6,000 டன் வெள்ளியும் 250 டன் தங்கமும் எடுக்கப்பட்டன.

இந்தக் கதையில் எனக்கு வியப்பைத் தருவது செல்வத்தின் அளவு அல்ல, அது கிடந்த இடத்தின் குறுகல். டேவிட்சன் மலை நிற்கும் மலைத்தொடரில் பெரும்பகுதி எரிமலைப் பாறைதான். பல மைல் நடந்தாலும் காலுக்கடியில் பெரும்பாலும் ஆண்டசைட் என்ற அதே எரிமலைப் பாறை. ஆனால் வெள்ளி கிடைத்தது சுமார் 4 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கீற்றில் மட்டும். அந்தக் கீற்றிலும் பெரும்பகுதி வெறும் குவார்ட்ஸும் களிமண்ணும்தான். இடையிடையே சில திட்டுகளில் மட்டும் தாது குவிந்து கிடந்தது. ஒரே பாறைக்குள் ஏன் இந்த ஓரவஞ்சனை? எரிமலைப் பாறையில் கனிம நாளம் எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதே நேர்வழி.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிட வேண்டும். பூமிக்குள் உருகிக் கிடக்கும் தங்கம் எரிமலை வழியாக மேலே வந்து, விரிசல்களில் பாய்ந்து உறைந்து நாளமாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பள்ளிக்கூடப் படங்களும் அந்த எண்ணத்தையே வளர்க்கின்றன. உண்மையில் இத்தகைய நாளங்களுக்குள் தங்கம் உருகிய நிலையில் நுழைவதில்லை. நீரில் கரைந்துதான் வருகிறது. எரிமலைக் குழம்பு பாறையாக இறுகி, அந்தப் பாறை உடைந்து, உடைந்த வழியே வெந்நீர் ஏறத் தொடங்கிய பிறகே நாளம் பிறக்கிறது. காம்ஸ்டாக்கில் நாளத்தின் வயது சுமார் 1.4 கோடி ஆண்டுகள். அதைத் தாங்கி நிற்கும் ஆண்டசைட் பாறை அதற்கும் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே உறைந்துவிட்டது. ஆகவே எரிமலை தந்தவை இரண்டு: உடையக்கூடிய பாறை, அடியில் நீண்ட காலம் ஆறாமல் கிடக்கும் சூடு. மற்றதெல்லாம் நீரும் பிளவும் செய்த வேலை.

நீரிலிருந்து தொடங்குவோம். மழையாகவும் பனியாகவும் விழுந்த நீர் பாறை இடுக்குகள் வழியே கீழே இறங்குகிறது. சில கிலோமீட்டர் ஆழத்தில், இன்னும் ஆறாத மாக்மாவின், அதாவது பூமிக்குள் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பின், சூடு அதைத் தாக்குகிறது. சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலேறுகிறது. அது விட்ட இடத்தை நிரப்பக் குளிர்ந்த நீர் பக்கவாட்டிலிருந்து வருகிறது. இந்தச் சுழற்சி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓயாமல் நடக்கும். மாக்மாவிலிருந்து கசியும் கந்தக வாயுவும் கரியமில வாயுவும் ஓரளவு நீராவியும் இதில் கலந்துகொள்கின்றன. இப்படி உருவாகும் நீர் பெரும்பாலும் கடல்நீரைவிட உப்புக் குறைந்தது. பார்வைக்கு அதில் விசேஷம் எதுவும் இருக்காது.

ஆனால் சூட்டில் அது பாறையைக் கரைக்கும். 250 பாகை செல்சியஸில் ஒரு கிலோ நீர் கிட்டத்தட்ட அரை கிராம் சிலிக்காவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். நாளத்தில் நாம் காணும் வெண்ணிறக் குவார்ட்ஸ் முழுவதும் இப்படிக் கரைந்து வந்ததுதான். தங்கத்தின் கணக்கு இதைவிட மிக மிகச் சிறியது. நியூசிலாந்தில் இன்றும் கொதித்துக்கொண்டிருக்கும் ஒகாக்கி புவிவெப்பக் களத்தின் ஆழத்து நீரில் ஒரு டன்னுக்கு ஒன்றரை மில்லிகிராம் தங்கம் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு பவுன் தங்கம் சேர ஐயாயிரம் டன்னுக்கு மேல் நீர் ஓடியாக வேண்டும், அதுவும் கொண்டுவந்த தங்கத்தில் ஒரு துகளையும் வீணாக்காமல் இறக்கிவைத்தால்.

தங்கம் எளிதில் எதனோடும் சேராத உலோகம். பிறகு நீரில் எப்படிக் கரைகிறது? கந்தகம் கைகொடுக்கிறது. நீரில் கரைந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அதே வாயு, தங்க அணுவைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டுப்பொருளாகி நீரோடு பயணம் செய்கிறது. இந்தப் பிடி இருக்கும்வரை தங்கம் கீழே விழாது. பிடியை எது அறுக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் மையமான கேள்வி. அதற்குப் போவதற்குமுன் பிளவைப் பார்த்தாக வேண்டும்.

பாறை உடைந்து, உடைந்த இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி நகர்ந்திருந்தால் அதைப் பிளவுப்பெயர்ச்சி என்கிறோம். காம்ஸ்டாக் பிளவு கிழக்கு நோக்கிச் சரிந்து, சுமார் 40 முதல் 45 பாகைக் கோணத்தில் பூமிக்குள் இறங்குகிறது. அதன் கிழக்குப் பக்கப் பாறை மேற்குப் பக்கத்தைவிடப் பல நூறு மீட்டர் கீழே நழுவியிருக்கிறது. அந்த நழுவல் ஒரே நாளில் நடந்ததல்ல. ஒவ்வொரு நிலநடுக்கத்தின்போதும் சில அங்குலமோ சில அடியோ நழுவி, பிறகு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஆண்டுகள் அசையாமல் கிடந்து, மறுபடி நழுவி வந்ததன் மொத்தம் அது.

பிளவை வரைபடத்தில் ஒரு நேர்கோடாகப் போடுகிறோம். தரையில் அது அப்படி இருப்பதே இல்லை. சற்று வளைகிறது, படியாக இடம் மாறுகிறது, ஓரிடத்தில் முடிந்து பக்கத்தில் இன்னொரு கோடாகத் தொடர்கிறது, கிளை பிரிகிறது. இந்தக் கோணல்களில்தான் தாதுவின் இரகசியம் இருக்கிறது. கோணலான இரு முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது, சில இடங்களில் அவை இறுக நெருக்கிக்கொள்கின்றன. அங்கே பாறை அரைபட்டு மாவாகி, களிமண்ணாகி, நீர் புக வழியில்லாமல் அடைபடுகிறது. வேறு சில இடங்களில் இரு முகங்களும் விலகுகின்றன. அங்கே வெற்றிடம் திறக்கிறது. நாளம் தடித்து வளர்வது இந்த விலகும் வளைவுகளில்தான். பிளவு முழுக்க நீர் ஓடியிருந்தாலும் தாது திட்டுத் திட்டாக மட்டும் கிடைப்பதற்கு முதல் காரணம் இது.

இங்கே பாறையின் குணமும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டசைட், ரயோலைட் போன்ற இறுகிய எரிமலைப் பாறைகள் நொறுங்கும் தன்மை கொண்டவை. உடைந்தால் கூர்மையான விளிம்புகளோடு உடையும். பூமியின் மேற்பரப்புக்கு அருகே, அழுத்தம் குறைந்த ஆழத்தில், அந்த விரிசல்கள் சட்டென்று மூடிக்கொள்ளாமல் திறந்தே நிற்கும். மென்மையான எரிமலைச் சாம்பல் படிவங்களிலும் களிமண் நிறைந்த படிவங்களிலும் அப்படி நிற்பதில்லை. ஒரே பிளவு கடினமான எரிமலைக் குழம்புப் பாறையைக் கடக்கும் இடத்தில் பருத்த நாளமாகவும், சாம்பல் படிவத்துக்குள் நுழைந்ததும் நூல்போன்ற கோடுகளாகவும் மாறிவிடுவதைச் சுரங்கங்களில் பார்க்கலாம். மென்மையான படிவத்துக்கும் ஒரு பங்கு உண்டு. மேலே அது மூடியாகக் கிடந்தால், கீழிருந்து வரும் நீர் சிதறிப் போகாமல் சில வழிகளில் மட்டும் குவிகிறது.

இனி தங்கத்தின் பிடி அறுபடும் அந்த நொடிக்கு வருவோம். பிளவின் ஆழத்தில் 250 பாகை சூட்டில் நீர் நிற்கிறது. அந்தச் சூட்டிலும் அது கொதிக்காமல் இருப்பதற்கு ஒரே காரணம் மேலே நிற்கும் நீரின் எடை. 250 பாகை நீர் திரவமாகவே இருக்க வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 40 மடங்கு வேண்டும். அதற்குச் சுமார் 450 மீட்டர் நீர்மட்டம் தலைக்குமேல் நிற்க வேண்டும். 300 பாகை நீருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். நிலம் அதிர்கிறது. பிளவு நழுவுகிறது. வளைவில் ஒரு வெற்றிடம் கண நேரத்தில் திறக்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் திடீரென்று வீழ்கிறது. சுற்றிலுமுள்ள நீர் அதற்குள் உறிஞ்சப்படுகிறது. உள்ளே பாயும் நீர் பாயும்போதே கொந்தளித்துக் கொதிக்கிறது. சுவர்கள் உள்நோக்கி வெடித்து நொறுங்கி, பாறைத் துண்டுகள் அந்தக் கொதிநீரில் மிதக்கின்றன. 1987-இல் நியூசிலாந்துப் புவியியலாளர் ரிச்சர்ட் சிப்சன் இந்தக் கருத்தைத் தெளிவாக முன்வைத்தார்: நிலநடுக்கம் நாளத்தைக் குலைக்கும் விபத்து அல்ல, நாளத்தை உருவாக்கும் கருவியே அதுதான். இத்துறையில் நான் படித்தவற்றில் இவ்வளவு எளிமையாக இவ்வளவு பலவற்றை விளக்கும் கருத்து வேறு இல்லை.

கொதித்ததும் என்ன நடக்கிறது? கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் வாயு சீறி வெளியேறுவதைப்போல, நீரில் கரைந்திருந்த கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் ஆவியோடு பறந்துவிடுகின்றன. அந்த ஒரே நிகழ்விலிருந்து பல விளைவுகள் கிளைக்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு போய்விட்டால் தங்கத்தைப் பிடித்திருந்த கை போய்விட்டது. தங்கம் வெள்ளியோடு கலந்து மணிமணியாக விழுகிறது. கரியமில வாயு போனதால் நீரின் அமிலத்தன்மை குறைகிறது. உடனே சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் படிகிறது. பொட்டாசியம் நிறைந்த அடுலேரியா என்ற ஃபெல்ஸ்பாரும் படிகிறது. ஆவியாகும்போது சூட்டையும் இழப்பதால் சிலிக்காவைத் தாங்கும் திறன் குறைந்து, குவார்ட்ஸ் கொத்தாக வெளியேறுகிறது. வெற்றிடம் அடைபடுகிறது. நீர் மீண்டும் சிறைப்படுகிறது. அடுத்த நிலநடுக்கம்வரை அமைதி.

இதையெல்லாம் யாரும் நேரில் பார்க்கவில்லையே என்று கேட்கலாம். பார்த்ததற்கு நெருக்கமான ஒன்று உண்டு. ஒகாக்கி களத்தில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி நீராவி எடுத்தபோது, வெளியேறும் நீரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த கிணற்றின் வாயில் துளையிட்ட எஃகுத் தகடுகளைப் பொருத்தினார்கள். தகட்டின் ஒரு பக்கம் அதிக அழுத்தம், மறுபக்கம் குறைந்த அழுத்தம். அந்தத் துளையைக் கடக்கும் இடத்தில் நீர் சட்டென்று கொதித்தது. தகட்டில் படிந்திருந்த கறையைச் சுரண்டிச் சோதித்தார்கள். 1986-இல் கெவின் பிரவுன் வெளியிட்ட முடிவின்படி, அந்தக் கறையில் 6 விழுக்காடு வரை தங்கம், 30 விழுக்காடு வரை வெள்ளி. டன்னுக்கு ஒன்றரை மில்லிகிராம் தங்கம் கொண்ட நீர், அழுத்தம் வீழ்ந்த ஒரே இடத்தில், வழக்கமான சுரங்கத் தாது எதிலும் காணாத செறிவில் தங்கத்தை இறக்கி வைத்திருந்தது. மனிதன் அறியாமல் செய்த இந்தச் சோதனையைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்ன?

இயற்கையின் சான்று பாறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இத்தகைய நாளத்திலிருந்து குறுக்காக வெட்டியெடுத்த, உள்ளங்கை அகலமுள்ள ஒரு துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் பச்சை கலந்த சாம்பல் நிற ஆண்டசைட். அதை ஒட்டி மெல்லிய வெண்கோடு, பிறகு பால்நிறக் கோடு, பிறகு நகத்தின் தடிமன்கூட இல்லாத ஒரு கரும்பட்டை, மறுபடி வெள்ளை. கோடுகள் நேராக ஓடாமல் குமிழ் குமிழாக வளைந்து செல்கின்றன. நடுவில் ஒரு பொந்து இருந்தால் அதற்குள் சிறு குவார்ட்ஸ் படிகங்கள் முனையை உள்நோக்கி நீட்டியிருக்கும். கண்ணைப் பறிக்கும் வெண்பட்டைகளில் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. அழுக்குப்போலத் தெரியும் அந்தக் கரும்பட்டையில்தான் வெள்ளி சல்ஃபைடும் தங்கமும் இருக்கின்றன. ஜப்பானியச் சுரங்கத் தொழிலாளர்கள் அதற்கு ‘கின்குரோ’, அதாவது வெள்ளிக் கருமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காம்ஸ்டாக்கில் அலசும் பெட்டியை அடைத்த நீல மண்ணும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அதே துண்டில் இன்னோர் அடையாளம் கிடைக்கக்கூடும். மெல்லிய தகடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சாய்வாக நிற்பதுபோன்ற ஓர் அமைப்பு. தொட்டுப் பார்த்தால் குவார்ட்ஸ். ஆனால் குவார்ட்ஸ் தகடாக வளராது. கொதிக்கும் நீரில் விரைந்து படியும் கால்சைட்தான் அப்படித் தகடுகளாக வளரும். பின்னால் வந்த நீர் கால்சைட்டைக் கரைத்துவிட்டு, அதன் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, குவார்ட்ஸை அதன் இடத்தில் உட்காரவைத்திருக்கிறது. களத்தில் நடக்கும் புவியியலாளர் இந்தத் தகட்டு அமைப்பைக் கண்டால் நின்று விடுவார். இங்கே நீர் கொதித்திருக்கிறது என்பதற்கு இதைவிடக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆதாரம் வேறில்லை. உடைந்த கோடுபட்ட துண்டுகள் புதிய குவார்ட்ஸில் ஒட்டப்பட்டு, அவையும் மறுபடி உடைந்து ஒட்டப்பட்டிருப்பதும் அடிக்கடி தெரியும். ஒவ்வோர் உடைப்பும் ஒரு நிலநடுக்கம்.

நாளத்துக்கு வெளியே உள்ள பாறையும் சும்மா இருப்பதில்லை. வெந்நீர் ஊறிய ஆண்டசைட்டின் கருங்கனிமங்கள் சிதைந்து குளோரைட், எபிடோட் என்ற பச்சைக் கனிமங்களாக மாறுகின்றன. பாறை பச்சை பூத்துவிடுகிறது. நாளத்தை நெருங்க நெருங்கப் பச்சை மறைந்து, வெளிறிய களிமண்ணும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டும் அதிகமாகும். ஒட்டிய இடத்தில் பாறை முழுவதும் சிலிக்காவாக இறுகியிருக்கும். நாளத்தின் அகலம் ஓரிரு மீட்டராக இருக்கலாம். இந்த நிறமாற்றம் நூற்றுக்கணக்கான மீட்டர், சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில் பரவியிருக்கும். ஆகவே தேடுபவர் முதலில் தேடுவது தங்கத்தை அல்ல, இந்தப் பச்சையையும் வெளிறலையும்தான்.

1860-களில் காம்ஸ்டாக்கை ஆராய வந்த ஜெர்மானியர் ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்தோஃபென் இந்தப் பச்சைப் பாறையைத் தனி எரிமலைப் பாறை வகை என்று கருதி ‘புரோபிலைட்’ என்று பெயரிட்டார். அது வெந்நீரில் மாறிப்போன ஆண்டசைட்தான் என்பது 1880-களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறைக்காக அங்கே வேலை செய்த ஜார்ஜ் பெக்கரின் ஆய்வில் தெரிந்தது. பாறை வகையாக அந்தப் பெயர் செத்துவிட்டது. ஆனால் வெந்நீர் ஏற்படுத்தும் பச்சை மாற்றத்தைக் குறிக்க இன்றும் புவியியலாளர்கள் அதே சொல்லிலிருந்து பிறந்த பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ‘பட்டுப் பாதை’ என்ற பெயரைப் பிற்காலத்தில் உலகில் பரப்பியவரும் இதே ரிக்தோஃபென்தான்.

அவர் காம்ஸ்டாக்கைப் பற்றிச் சொன்ன இன்னொன்றுக்குப் பின்விளைவு பெரிது. இது உண்மையான பிளவு நாளம், ஆகவே ஆழத்திலும் தொடரும் என்றார். பிளவைப் பொறுத்தவரை அவர் சொன்னது முழுக்கச் சரி. பிளவு தொடர்ந்தது. சுரங்கங்களும் அதைத் துரத்திக்கொண்டு இறங்கின. 1873-இல், சுமார் 1,200 அடி ஆழத்தில், மேற்பரப்பில் எந்தத் தடயமும் காட்டாத ஒரு பெருந்திட்டு கன்சாலிடேட்டட் வர்ஜீனியா சுரங்கத்தில் கிடைத்தது. முதன்மைப் பிளவில் அல்ல. அதிலிருந்து மேல்நோக்கிப் பிரிந்த, அதன் கிழக்குப் பாறைக்குள் ஏறிய ஒரு கிளையில். மேலே சொன்ன கோணல் கணக்கு இங்கேயும் பொருந்துகிறது: இறங்கி நழுவும் பாறை தன் எடையாலேயே உடைந்து திறந்துகொண்ட கிளை அது. ‘பெரும் புதையல்’ என்று பெயர்பெற்ற அந்தத் திட்டு, இன்னும் ஆழத்தில் இன்னும் பெரிதாக எதுவோ காத்திருக்கிறது என்ற நம்பிக்கையை ஊரெங்கும் பரப்பியது.

ஆழத்தில் காத்திருந்தது வெந்நீர். சுரங்கங்கள் 3,000 அடியை எட்டியபோது பாறைக்குள்ளிருந்து பீறிட்ட நீரின் வெப்பம் 77 பாகை செல்சியஸைத் தொட்டது. மனிதன் மேல் பட்டால் வெந்துபோகும் சூடு. தொழிலாளர்கள் சிறிது நேரம் வேலைசெய்வதும், காற்று வரும் குழாயருகே வந்து பனிக்கட்டியை உடம்பில் தேய்த்துக்கொண்டு உட்காருவதுமாக நாளைக் கழித்தார்கள். பிளவின் களிமண் காற்றுப்பட்டதும் உப்பி, தாங்குமரங்களை முறித்தது. அந்த மென்மையான, அகன்ற தாதுத் திட்டுகளைத் தாங்குவதற்காகவே 1860-இல் ஃபிலிப் டைடஸ்ஹைமர் மரச்சட்டங்களைப் பெட்டி பெட்டியாக இணைத்து அடுக்கும் முறையை வகுத்திருந்தார். உலகெங்கும் சுரங்கங்கள் அதைக் கைக்கொண்டன. அடால்ஃப் சூட்ரோ 1869-இல் தொடங்கி, நீரை வடிப்பதற்காக மலையடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கவழியைக் குடைந்தார். 1878-இல் அது நாளத்தை எட்டியது. அதற்குள் செழிப்பான தாது பெரும்பாலும் தோண்டி முடிந்துவிட்டது. கீழே பிளவு இருந்தது, குவார்ட்ஸ் இருந்தது, நீரும் இருந்தது. வெள்ளி மட்டும் சுரங்கம் நடத்தும் அளவுக்கு இல்லை.

காரணம் இப்போது நமக்குத் தெரிகிறது. நீர் கொதிக்கும் ஆழத்துக்கு ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே அழுத்தம் அதிகம். தங்கமும் வெள்ளியும் கரைந்தபடியே கடந்து போகும். எல்லைக்கு மேலே, சில நூறு மீட்டர் உயரமுள்ள ஒரு பட்டைக்குள், அவை விழுந்து தீர்ந்துவிடும். அதற்கும் மேலே சென்ற நீர் வெந்நீர் ஊற்றாகப் பொங்கி, வெறும் சிலிக்காப் படிவத்தை விட்டுச் செல்லும். இந்தக் கணக்கு தெரியாத காலத்தில், பிளவு தொடர்ந்தால் தாதுவும் தொடரும் என்று நம்பி மக்கள் சேமிப்பையெல்லாம் பங்குகளில் கொட்டினார்கள். சான் பிரான்சிஸ்கோ பங்குச் சந்தையில் அன்று பணத்தை இழந்த எண்ணற்ற சாதாரணக் குடும்பங்கள், ஒருவகையில் அரைகுறையாக விளங்கிய ஒரு புவியியலுக்கு விலை கொடுத்தவர்கள். அறிவியலின் ஓர் இடைவெளி இத்தனை வீடுகளின் அடுப்பைத் தொடக்கூடும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

காம்ஸ்டாக்குக்குச் சில மைல் வடமேற்கே ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் என்ற வெந்நீர் ஊற்றுக்களம் இருக்கிறது. இன்று அங்கே புவிவெப்ப மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த ஊற்றுகள் விட்டுச்செல்லும் சிலிக்காப் படிவத்தில் பாதரசம், ஆன்டிமனி, சிறிதளவு தங்கம், வெள்ளி எல்லாம் இருப்பதை நீண்ட காலமாகவே அறிந்திருக்கிறார்கள். காம்ஸ்டாக்கில் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்ததை ஒத்த ஒன்று பக்கத்து ஊரில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள ஹிஷிகாரி இந்த அறிவின் பயனை அறுவடை செய்த இடம். 1981-இல் துளையிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். தோண்டி எடுத்த தாதுவில் டன்னுக்குப் பல பத்து கிராம் தங்கம். சில கிராம் இருந்தாலே சுரங்கம் நடத்தலாம் என்ற கணக்கில் இது மலைக்கவைக்கும் செறிவு. நாளங்களின் வயது சுமார் பத்து லட்சம் ஆண்டுகள்தான். புவியியல் காலக்கணக்கில் நேற்றுப் பிறந்தவை. அதனால் நிலத்தடி நீர் இன்றும் 65 பாகைச் சூட்டில் இருக்கிறது. அந்த நீரைக் குழாய்வழி வெளியேற்றினால்தான் உள்ளே வேலை செய்யமுடியும். வெளியேற்றிய வெந்நீர் அருகிலுள்ள ஊர்களின் வெந்நீர்க் குளியலிடங்களுக்குப் போகிறது.

இப்படியொரு செல்வம் சேர எவ்வளவு காலம் ஆகும்? பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவில், அணைந்த எரிமலையின் வாய்க்குள் 1,300 டன் அளவிலான தங்கப் படிவம் இருக்கிறது. அங்கேயும் அடியில் வெந்நீர் இன்னும் ஓடுகிறது. ஸ்டுவர்ட் சிம்மன்ஸும் கெவின் பிரவுனும் அந்த ஆழத்து நீரின் மாதிரிகளை எடுத்துச் சோதித்து, ஆண்டுக்குச் சுமார் 24 கிலோ தங்கம் மேலேறி வருவதாக 2006-இல் அறிவித்தார்கள். அந்த வேகத்தில் மொத்தப் படிவமும் சேர 55,000 ஆண்டுகள் போதும். பல லட்சம் ஆண்டுகள் வாழும் ஓர் எரிமலைக்கு இது மிகக் குறுகிய காலம். தங்கத்துக்குப் பஞ்சமில்லை, அதைக் கொண்டுவரும் நீருக்கும் பஞ்சமில்லை. உலகெங்கும் எரிமலைப் பகுதிகளில் ஆண்டுதோறும் எவ்வளவோ தங்கம் ஊற்றுகள் வழியே வெளியேறிச் சிதறிக்கொண்டுதான் இருக்கிறது. சரியான ஆழத்தில், சரியான வளைவில், மீண்டும் மீண்டும் திறக்கும் பிளவு அமைவதுதான் அரிது.

கோலாரைப் பற்றிச் சொல்லாமல் தமிழில் இதை எழுதி முடிக்க முடியாது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப்புற மாவட்டங்களிலிருந்தும் போன தலைமுறை தலைமுறையான தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கிய அந்தச் சுரங்கமும் எரிமலைப் பாறையில் அமைந்ததுதான். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாகப் பாய்ந்த பசால்ட், பிறகு பூமிக்குள் ஆழப் புதைந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி, கரும்பச்சைப் பாறையானது. அதை நறுக்கிச் செல்லும், பாறை உரசி நகர்ந்த மண்டலத்தில் குவார்ட்ஸ் நாளங்கள். சாம்பியன் ரீஃப் அவற்றில் தலையாயது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் தந்து, 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது.

ஆனால் கோலார் வேறு இனம். அங்கே தங்கம் விழுந்தது மேற்பரப்புக்குப் பக்கத்தில் கொதித்த நீரிலிருந்து அல்ல. கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், கரியமில வாயு செறிந்த நீர் பாறையின் எடையையே எதிர்த்து நிற்கும் அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்தது. பிளவு நழுவிய ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் விடுபட்டது. அதோடு, நீரிலிருந்த கந்தகம் பாறையிலுள்ள இரும்போடு சேர்ந்தாலும் தங்கத்தின் பிடி அறுந்துவிடும். இந்த மாற்றங்களுக்குக் கொதிநிலைபோன்ற குறுகிய ஆழ எல்லை கிடையாது. அதனால்தான் காம்ஸ்டாக் ஒரு கிலோமீட்டர்கூட இறங்க முடியாமல் வற்றியபோது, கோலார் 3.2 கிலோமீட்டர் வரை தாதுவைப் பின்தொடர்ந்தது. அந்த ஆழத்தில் எதிரி கொதிநீர் அல்ல, சுற்றியுள்ள பாறையின் இறுக்கம். குடையப்பட்ட வெற்றிடத்தை நோக்கிப் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அந்தப் பாறை வெடிப்புகளில் உயிரிழந்தவர்களில் பலர் நம் ஊர்களிலிருந்து போனவர்கள்.

தென்னிந்தியாவில் காம்ஸ்டாக்போன்ற நாளம் ஏன் இல்லை என்று சிலர் கேட்பதுண்டு. கோலாரில் இன்று நம் காலடியில் இருக்கும் பாறை ஒரு காலத்தில் ஏறக்குறைய 10 கிலோமீட்டரோ அதற்கும் மேலோ ஆழத்தில் கிடந்தது. அதன் தலைக்கு மேலிருந்த மலையும் எரிமலையும் மழையிலும் ஆற்றிலும் அரித்துப் போய்விட்டன. அந்தப் பழைய எரிமலைகளின் தோளில் வெந்நீர் கொதித்து வெள்ளியும் தங்கமும் படிந்திருந்தாலும், மேலிருந்த அந்த முதல் கிலோமீட்டர்தான் முதலில் அழிந்திருக்கும். ஆழமற்ற நாளங்களின் விதி இது. அதனால்தான் அவற்றைத் தேடுபவர்கள் பழைய கண்டங்களின் நடுவே அலையாமல், நிலம் இன்னும் உயர்ந்துகொண்டும் எரிமலைகள் இன்னும் புகைந்துகொண்டும் இருக்கிற இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஜப்பானிலும் நியூசிலாந்திலும் மெக்சிகோவிலும் துளையிடுகிறார்கள். அங்கே ஒரு நாளம் கண்ணில் பட்டதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி அதில் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பது அல்ல, தலைக்கு மேலே எவ்வளவு அரித்துப் போயிருக்கிறது என்பதே.